பினாயில் டெண்டர்

இந்த விஷயத்தை நான் சொல்கிறபடியே நம்பிவிடாதீர்கள். நானே ஆறு வருடமாக இதைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போது ஒருமுறைகூட என் குரல் தடுமாறியதில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆசிட் பட்டது, பேண்ட் ஓட்டையாகிவிடும். இதில் உட்காருங்கள். ஃபைலைக் கீழே வைக்காதீர்கள், தரை ஈரம்.

உங்களை அனுப்பியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு ஆள் இருக்கிறார், மனைவி பேரில் கம்பெனி வைத்து அரசாங்க ஆர்டராக எடுக்கிறார், போய்க் கேட்டுப் பார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மாதத்துக்கு இரண்டு பேர் இப்படி வருகிறார்கள். எல்லாரும் ஆண்கள். எல்லார் கையிலும் மனைவியின் ஆதார் நகல். உங்கள் மனைவி வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தானே நிறுவனத்தின் உரிமையாளர்? வெயிலில் எதற்கு... சரி. அது உங்கள் குடும்ப விஷயம்.

எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். அது பெரிய வித்தை இல்லை. பெண்கள் நடத்தும் சிறு நிறுவனம் என்றால் அரசாங்கம் வாங்குவதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டெண்டர் போடும்போது முன்வைப்புத் தொகை கட்டவேண்டாம். அதற்குப் பதிவுச் சான்று வேண்டும். சான்றில் மனைவி பேர், வங்கிக் கணக்கில் மனைவி பேர், போர்டில் மனைவி பேர். கையெழுத்துக்கு மட்டும் ஒரு டோக்கன் தருவார்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கணினியில் செருகி ரகசிய எண்ணை அடித்தால் மனைவி கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். இதோ, என் சாவிக்கொத்தில் தொங்குகிறதே, இதுதான் இந்திராணியின் கையெழுத்து. பதினோரு வருடமாக என் இடுப்பில் இருக்கிறது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனிமேல்தான் தேடுவது. இணையதளத்தைத் திறந்து பொருளின் பேரை அடிக்கவேண்டும். அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன் நான். பினாயிலுக்கு ஆங்கிலத்தில் பி, ஹெச், இ என்று தொடங்கும் எழுத்து எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனால்தான் கெட்டேன்.

பஞ்சவர்ணம் என்று ஒரு பொம்பளை. இந்த ரோட்டிலேயே, பழைய எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பினாயில் கலக்கிக்கொண்டிருந்தாள். கூட ஆறு பெண்கள். புருஷன் லோடு வேன் ஓட்டுகிறவன். அவள் பத்தாவது வரைதான் படித்தவள். மகளிர் குழுவில் கற்றுக்கொண்டது. எண்ணெயையும் தண்ணீரையும் சரியாகக் கலக்கத் தெரியாமல் முதல் வருடம் அவள் பாட்டிலில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாக நிற்கும். என் கோடவுனுக்கே வந்து கேட்டாள். "அண்ணே, இது ஏன்ணே பிரிஞ்சு பிரிஞ்சு நிக்குது?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். யாரும் இதைச் சொல்வதில்லை.

ஒரு பெரிய அரசு மருத்துவமனை. எது என்று வேண்டாம். நான்கு வருடம் அதற்கு என் கம்பெனிதான் பினாயில் சப்ளை. ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறந்ததும் டெண்டர் வரும், பி, ஹெச், இ என்று அடிப்பேன், முதல் வரியில் நிற்கும். அந்த வருடம் அடித்தேன், வரவில்லை. அடுத்த வாரம் அடித்தேன், வரவில்லை. தேர்தல் நேரம், தாமதமாகும் என்று இருந்துவிட்டேன். மருத்துவமனையின் பேரைப் போட்டுத் தேடியிருக்கலாமே என்பீர்கள். தேடவில்லை. நான்கு வருடம் தானாக வந்த ஒன்று ஐந்தாவது வருடமும் வரும் என்று இருந்தேன். ஒருநாள் பஞ்சவர்ணத்தின் லோடு வேன் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் போவதைப் பார்த்தேன்.

விசாரித்தால், டெண்டர் வந்து, முடிந்து, ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது. விலை போட்டவர் ஒரே ஒருவர். அவள். நான் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பினாயில் என்ற சொல்லை ஆங்கிலத்தில் நம்மூர் வாயில் வருகிற மாதிரியே அடித்து வைத்திருந்தார்கள். பி, ஐ, என், ஏ, ஒய், ஐ, எல். சரியாக எழுதத் தெரிந்த எவனுக்கும் அது கண்ணில் படாது. தப்பாக எழுதுகிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது தெரியாமல் நடந்த பிழை என்று யார் நம்புவார்கள்? ஒரு எழுத்தைத் திட்டம்போட்டு மாற்றிவிட்டு, மாற்றிய எழுத்தை வேண்டியவர் காதில் சொல்லிவிட்டால் போதும். டெண்டர் ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும், ஒருவருக்கும் தெரியாது. இப்படி நடக்கிறது என்று நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்த மருத்துவமனை அலுவலகத்தில் டெண்டர் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் கோமதிநாயகம். நெற்றி நிறைய விபூதி. என்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். நான் தீபாவளிக்கு அனுப்பிய இனிப்புப் பெட்டியைத் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் இருந்தது இந்திராணி மட்டும்தான். இந்தக் கோடவுனுக்கு மேல்தான் வீடு, அங்கே மாடியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடிக்கும்வரை ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பஞ்சவர்ணத்தை ஆஸ்பத்திரி ஆபீஸ் வாசல்ல கோமதிநாயகத்தோட பாத்தேன். ரொம்ப நேரம் பேசிட்டு நின்னாக."

இதுதான் அவள் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை இல்லை. கிட்டத்தட்ட. அவளுடைய சித்தியை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், பார்க்கப் போயிருந்தாள், அது நிஜம். இதைத்தான் ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். என் மனைவி தன் கண்ணால் பார்த்தாள் என்று.

எனக்கு மொட்டைக் கடிதம் பிடிக்காது. கோழைகளின் வேலை. பேர் போட்டுத்தான் புகார் எழுதினேன். இந்திராணியின் பேர். கம்பெனி அவள் பேரில் இருக்கும்போது நான் எப்படி எழுதுவது? நல்ல தமிழில் இரண்டு பக்கம். எனக்கு எழுத வரும். கல்லூரி நாட்களில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். 'மேற்படி இருவருக்கும் இடையிலான தொடர்பு அலுவலக வாசலோடு நின்றதாகத் தெரியவில்லை' என்று ஒரு வரி. அதை மூன்று முறை திருத்தினேன். முதலில் 'தகாத' என்ற சொல்லைப் போட்டிருந்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு வரி இன்னும் நன்றாக வந்தது. யாரும் என்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் படிக்கிற எவனுக்கும் புரியும்.

இந்திராணியிடம் நீட்டினேன். டோக்கன் செல்லாத காகிதம், பேனாவால் போடவேண்டியது. அவள் கண்ணாடியைத் தேடினாள்.

"கண்ணாடி எதுக்கு? கீழ போடு, பெருக்கல் குறி போட்டிருக்கேன் பாரு."

"இதுல எதுக்குங்க என் பேரு?"

"கம்பெனி யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்புறம் என்ன?"

போட்டாள்.

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது நாற்பதுக்குள், கறாரான பேச்சு. ஒரு நீளமான அறை, மேசையில் ஒரு கணினி, ஓரத்தில் எல்லாருடைய வாக்குமூலத்தையும் தட்டச்சு செய்ய ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண்மணி. நான் முன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க யாரு சார்?" என்றார் அந்த அதிகாரி.

"கம்பெனி மேடம்."

"புகார்ல இந்திராணின்னு இருக்கு."

"என் ஒய்ஃப்தான்."

"அப்ப அவங்க முன்னாடி வரட்டும். நீங்க பின்னாடி போங்க."

வேண்டுமென்றே சொன்னார். என்னை அவமானப்படுத்துவதற்காக. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து இந்திராணியின் கொண்டைதான் தெரிந்தது.

முதலில் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள். அவளுடைய ஆறு பெண்களும் வராந்தாவில் வந்து நின்றுகொண்டார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடி.

"இந்த டெண்டரை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"தேடுனேன்ம்மா."

"எப்படித் தேடினீங்க?"

"எப்படின்னா? செல்லுலதான். பினாயில்னு போட்டேன், வந்துச்சு."

"இதுல போட்டுக் காட்டுங்க."

அவள் கணினிக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். பி. அப்புறம் ஐ. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். டெண்டர் பக்கம் வந்து நின்றது.

"இப்படித்தான் எழுதணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? வாயில வர்றதுதானேம்மா." அவள் அதிகாரியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்ம்மா, தப்பா போட்டிருக்கேனா?"

வராந்தாவில் ஒரு பெண் சிரித்தாள். தட்டச்சு செய்கிற அம்மாவும் சிரித்தார். அதிகாரிகூட வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்தது வேறு காரணத்துக்கு. என்ன நடிப்பு என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நினைத்தேன். அவள் நடித்தாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நடித்தாள் என்று நினைக்காவிட்டால் மற்றதை எல்லாம் என்ன செய்வது?

அதிகாரி எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், இதே மாதிரி நீங்க அடிச்சிருந்தா உங்களுக்கும் வந்திருக்குமே?"

"நான் எம்.எஸ்சி. மேடம்," என்றேன்.

இதற்கும் சிரித்தார்கள்.

பிறகு கோமதிநாயகம். அவர் உட்காரவில்லை. டெண்டரை அடித்தவர் புதிதாக வந்த உதவியாளர், தான் மேலே கையெழுத்துப் போட்டதோடு சரி, எழுத்துப் பிழையைக் கவனிக்காதது தன் தவறு என்றார். பஞ்சவர்ணத்தைக் காட்டி இந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். சொல்லும்போது அவருடைய கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். பொய் சொல்கிறவனுக்கும் துடிக்கும். அவமானப்பட்டவனுக்கும் துடிக்குமா? அதை அன்று நான் யோசிக்கவில்லை.

கடைசியாக இந்திராணி.

"நீங்க பஞ்சவர்ணத்தை ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"யாரோட?"

இந்திராணி திரும்பினாள். முழுதாகத் திரும்பவில்லை, பாதி முகம்தான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்க்கத்தான் திரும்பினாள் என்று நினைக்கிறேன். கோமதிநாயகம் அவளுக்கு இடது பக்கம் நின்றார். அவள் திரும்பியது வலது பக்கம்.

"கோமதிநாயகம்னு..." என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டாள். அதிகாரி ஃபைலிலிருந்து நிமிர்ந்தார். "சொல்லுங்கம்மா," என்றார். இந்திராணி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "அவ்வளவுதான்மா," என்றாள்.

வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. தட்டச்சு செய்த அம்மா, 'கோமதிநாயகம் என்பவருடன் பார்த்ததாகத் தெரிவித்தார்' என்று அடித்திருக்கிறார். அவள் 'கோமதிநாயகத்தோட' என்று சொல்லவில்லை. 'கோமதிநாயகம்னு' என்றாள். தமிழில் அப்படி ஒரு வாக்கியம் முடியாது. 'னு' வந்தால் அதற்குப் பிறகு ஒன்று வரவேண்டும். சொன்னார்கள் என்றோ, நினைத்தேன் என்றோ, தெரியவில்லை என்றோ. யாரோ அந்தப் பேரைச் சொன்னார்கள் என்று ஆகிறது. இந்த 'னு'வைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். உங்களை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஊர்க்காரர்களிடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

முடிவு என்ன என்பீர்கள். முறைகேடு எதுவும் நிரூபணமாகவில்லை என்று அதிகாரி எழுதினார். ஆனாலும் எழுத்துப் பிழையால் போட்டி இல்லாமல் போனதால் டெண்டர் ரத்து, மறுபடி போடவேண்டும் என்றார். மறுபடி சரியான எழுத்தில் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது. என் கம்பெனி மூன்று வருடம் சப்ளை செய்தது. கோமதிநாயகத்தை நிர்வாகக் காரணம் என்று மலைப்பக்கம் ஒரு ஊருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு.

பஞ்சவர்ணம் மறு டெண்டரில் போட்டியிட்டிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அவள் போடவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. மடியில் கனம் இல்லாதவள் ஏன் பயப்படவேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டேன்.

விதிப்படி விசாரணையில் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் புகாரின் நகல் ஒன்று கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு வரியை... தெரியவில்லை. எழுதியிருப்பேனோ என்னவோ.

இரண்டு மாதம் கழித்து பஞ்சவர்ணம் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்காவைப் பாக்கணும்."

"எந்த அக்கா?"

"இந்திராணி அக்கா. மாடியிலதானே இருக்காக? கூப்பிடுங்கண்ணே."

"கம்பெனி விஷயம் எதுவானாலும் என்கிட்டப் பேசு."

"கம்பெனி விஷயம் இல்லண்ணே. எங்க ரெண்டு பேரு விஷயம்."

"உங்களுக்குள்ள என்ன விஷயம்? அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "தெரியாதவுகதான் கையெழுத்துப் போட்டாகளா?" என்றாள்.

"போம்மா. வேலை கெடக்கு."

"போறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. அந்தப் பேப்பரை எங்க வீட்டுக்காரரு சட்டைப் பையில வச்சிருக்காரு. சோத்துல கைய வைக்குறப்ப எடுத்துப் படிப்பாரு. சத்தமா. தினமும். கடைசியில ஒரு வரி வருதுல்ல, வாசலோட நிக்கலைன்னு. அது வந்ததும் மடிச்சு வச்சுட்டு, கொழம்பு ஊத்துன்னு சொல்லுவாரு. அடிச்சாக்கூடத் தாங்கிக்கிருவேன்ணே."

எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? கடைசி வரி இல்லையே, கடைசிக்கு முந்தின வரியல்லவா என்று. அதைத்தான் நினைத்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

"கூட வேலை பாத்த புள்ளைகளை அதுக வீட்டுல அனுப்ப மாட்டேங்காக. கொட்டகையைப் பூட்டிட்டேன். அக்கா ஒருதடவை வந்து, நான் அப்படிப் பாக்கலைன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம். டெண்டரெல்லாம் நீங்களே வச்சுக்கங்க."

"பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லச் சொல்றியா?" என்றேன்.

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். மாடியில் லேபிள் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது. இந்திராணிக்குக் கேட்டிருக்கும். அவள் இறங்கி வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பிறகு பஞ்சவர்ணம் போய்விட்டாள். மறு வருடமே ஊரைவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். திருப்பூர் என்றார்கள். புருஷன் கூடப் போகவில்லை. பொம்பளை சரியில்லை என்றால் இப்படித்தான் ஆகும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

சந்தேகம் எப்போது தொடங்கியது என்றால், அதன் பிறகு. இந்திராணிக்கு அந்த அலுவலகம் தெரியாது. அந்த விசாரணையைத் தவிர, பதினோரு வருடத்தில் நான் அவளை ஒரு அலுவலகத்துக்கும் கூட்டிப்போனதில்லை. எதற்குக் கூட்டிப்போகவேண்டும்? டோக்கன் என்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் வாசலில் நின்ற ஆள் கோமதிநாயகம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டில் அவரைத் திட்டியிருக்கிறேன், பேர் காதில் விழுந்திருக்கும். முகம்? விபூதியை வைத்துத் தெரிந்துகொண்டாள் என்று வைத்துக்கொண்டேன். நம்மூரில் நெற்றி நிறைய விபூதி வைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உறுதியாக யாரிடமாவது சொல்வேன். ஒருமுறை, இருவரும் ஒரே குடையில் நின்றார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். குடை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

ஆறு வருடம் நான் செய்யாத ஒரு காரியம் இருக்கிறது. நீங்கள் வந்த விஷயத்துக்கும் இது உதவும், கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில் இதே மேசையில் உட்கார்ந்து, அந்த இணையதளத்தில், தப்பான எழுத்தை அடித்தேன். பி, ஐ, என், ஏ, ஒய், ஐ, எல். ஏழே எழுத்து. என் விரலுக்கு அது வரவில்லை, ஹெச் பக்கமே போனது. அழித்து அழித்து அடித்தேன்.

பதினோரு டெண்டர் வந்தது.

பதினோரு வெவ்வேறு அலுவலகம். பள்ளிக்கூடம், விடுதி, பஞ்சாயத்து, பேருந்துப் பணிமனை. தருமபுரிப் பக்கம் ஒன்று, நாகப்பட்டினம் பக்கம் ஒன்று. கோமதிநாயகம் காலெடுத்து வைக்காத ஊர்கள். அவர் ஓய்வு பெற்றே நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை அலுவலகத்திலும் யாரோ ஒருவர் வாயில் வந்ததை அப்படியே அடித்து வைத்திருக்கிறார்கள். யாரும் யார் காதிலும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் மனைவி பேரில் போடலாம், ஐந்துக்கு இன்னும் கடைசித் தேதி முடியவில்லை. துடைப்பத்தையும் இப்படி அடித்துப் பாருங்கள். பக்கெட்டையும். படித்தவன் தேடாத மாதிரி தேடுங்கள். இதுதான் தொழில் ரகசியம். பஞ்சவர்ணத்துக்கு இது ரகசியம் என்றே தெரியாது.

திரையை அணைக்காமல் மாடி ஏறினேன். இந்திராணி கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரத்தில் மேலே போவதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, மோட்டார் நின்னுருச்சா?"

"இல்ல."

"காப்பி வேணுமா?"

"வேண்டாம்."

அவளிடம் கேட்பதற்கு மாடிப்படியில் ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். உண்மையிலேயே நீ பார்த்தாயா என்று. அப்படிக் கேட்டால் பழி அவளோடு போய்விடும், எனக்குச் சுலபம். பார்க்கவில்லை என்று அவள் சொன்னால், நீ சொன்னதை நம்பித்தான் செய்தேன் என்று நான் கீழே இறங்கி வந்துவிடலாம். அதற்குத்தான் போனேன். அவள் கையில் மூடியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பது வருடமாக நான் ஏதாவது சொல்லி முடிக்கும்வரை அவள் இப்படித்தான் காத்திருக்கிறாள். அவள் ஏதாவது சொல்லத் தொடங்கி நான் காத்திருந்தது எப்போது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எதிரில் இருந்த காலிக் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"இந்திராணி, அன்னைக்கு விசாரணையில அந்த மேடம்கிட்ட 'கோமதிநாயகம்னு' சொல்லிட்டு நிறுத்திட்டியே," என்றேன், "அந்த 'னு'வுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தே?"